அப்பாவின் கல்லீரல் கட்டியில் டிபி53 மாற்றம்: அது பிள்ளைகளுக்கும் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது, எனக்குப் புரிந்த வரையில், இதுதான். அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் பல வருடமாக இருந்திருக்கிறது, அதுவும் இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. கட்டித் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பியதில் ‘டிபி53, ஆர்249எஸ்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது, தேடிப் பார்த்தபோது அது கட்டிகளை அடக்கிவைக்கும் மரபணு என்று படித்திருக்கிறீர்கள். அந்த மாதிரி மரபணுக்களுக்குக் கல்லீரல் புற்றில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி இரண்டு வரியில் இருக்கிறது: எனக்கும் தங்கைக்கும் இது வருமா, நாங்களும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாற்றம் அப்பா பிறக்கும்போது அவரிடம் இருந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பிற்பாடு அவருடைய கல்லீரலில், ஏதோ ஒரு செல்லில் நடந்த சேதம் அது. விந்தணுவிலோ முட்டையிலோ இல்லாத ஒன்று பிள்ளைகளுக்குப் போகாது. உங்கள் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கக்கூடியது அந்த வைரஸ். நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஹெபடைடிஸ் பி சோதனை, அதையும் இந்த வாரமே.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். நான் நோயியல் மருத்துவர், புற்றுநோய்த் திசுக்களில் மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன். கட்டித் துணுக்கையும் ரிப்போர்ட்டையும் பார்ப்பது என் வேலை, நோயாளிக்கு மருந்து எழுதுவது இல்லை. உங்கள் அப்பாவின் முழு ரிப்போர்ட்டையோ ஸ்கேனையோ நான் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய சிகிச்சையைப் பற்றி நான் சொல்வது பொதுவானது, உங்கள் மருத்துவர் சொல்வதுதான் அவருக்கானது.

சரி, கட்டிகளை அடக்கிவைக்கும் இந்த மரபணுக்கள் என்ன செய்கின்றன? நம் ஒவ்வொரு செல்லிலும் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. ஒரு பிரதி கெட்டாலும் இன்னொன்று சமாளித்துவிடும், இரண்டும் போனால்தான் செல் கட்டுப்பாட்டை இழக்கும். இந்தக் கருத்தை 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை வைத்து முன்வைத்தார், அந்தப் புற்றுக்குப் பின்னால் இருக்கும் மரபணு கைக்குக் கிடைத்தது 1986இல்தான். டிபி53 மரபணு உண்டாக்கும் புரதத்துக்குப் பி53 என்று பெயர், அதன் கதை இன்னும் சுவாரசியமானது. இந்தப் புரதத்தை 1979இல் கண்டுபிடித்தார்கள், ஆனால் அடுத்த பத்து வருடம் அதைப் புற்றைத் தூண்டும் பொருள் என்றே நம்பினார்கள், ஏனென்றால் ஆய்வகங்களில் கையாண்ட பிரதிகளே மாற்றம் அடைந்த பிரதிகள். 1989 வாக்கில்தான் அது உண்மையில் அடக்குகிற பக்கம் இருக்கிறது என்று தெளிவானது. டிஎன்ஏ சேதமானால் பி53 செல்லின் பிரிதலை நிறுத்துகிறது, பழுதுபார்க்க நேரம் கொடுக்கிறது, பழுது மீறிப்போனால் செல்லையே சாகவைக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பி53 தனியாக வேலை செய்வதில்லை, நான்கு மூலக்கூறுகள் சேர்ந்துதான் டிஎன்ஏவைப் பற்றுகின்றன. அதனால் ஒரு பிரதி கெட்டாலே அதிலிருந்து வரும் கெட்ட புரதம் நல்ல புரதத்தோடு கலந்து கூட்டத்தையே முடக்கக்கூடும். அப்புறம் பெரும்பாலும் மீதியிருக்கும் நல்ல பிரதியும், அது இருக்கிற 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கை உடைந்துபோவதால், தொலைந்துவிடுகிறது.

கல்லீரலில் இது நடக்கும் விதம் மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபட்டது. ஆரோக்கியமான கல்லீரல் செல்கள் அபூர்வமாகத்தான் பிரியும். ஆனால் வைரஸாலோ குடியாலோ கொழுப்பாலோ செல்கள் வருடக்கணக்கில் செத்துக்கொண்டே இருந்தால், மிச்சமிருப்பவை பிரிந்து பிரிந்து இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிரிதலிலும் நகலெடுப்பில் பிழை வர ஒரு வாய்ப்பு, கூடவே அழற்சியால் டிஎன்ஏவுக்கு நேரடிச் சேதம். தழும்பு ஏறி சிரோசிஸ் ஆன கல்லீரலைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்து மரபணு வரிசையைப் படித்திருக்கிறார்கள், புற்று இல்லாத இடங்களிலேயே ஏராளமான மாற்றங்கள் கிடைத்தன. இதற்கு எதிராகக் கல்லீரலுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது, எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். கல்லீரல் செல்களில் கணிசமானவற்றில் குரோமோசோம்கள் இரட்டை செட்டுக்குப் பதில் நான்கு செட், சிலவற்றில் எட்டு செட் இருக்கும். அப்படியானால் டிபி53இன் பிரதிகளும் நான்கு, எட்டு. எல்லாவற்றையும் இழப்பது கடினம். எலிகளில் இந்தப் பெருக்கத்தைக் கூட்டியபோது கட்டிகள் குறைந்தன, குறைத்தபோது கட்டிகள் கூடின என்று 2018இல் காட்டினார்கள். மனிதக் கல்லீரலிலும் இது இதே அளவுக்குக் காக்கிறது என்பதற்கு இன்னும் அவ்வளவு நேரடியான ஆதாரம் இல்லை, ஆனால் திசை சரியாகத்தான் தெரிகிறது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரிக்கு வருகிறேன், ஏனென்றால் ஆர்249எஸ் என்பது ஏதோ ஒரு மாற்றம் இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பி53 புரதம் 393 அமினோ அமிலங்கள் கோத்தது. அதில் 249வது இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினைன் போய் செரைன் வந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். 1991இல் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று சீனாவில் யாங்சே ஆற்று முகத்துவாரத்தில் உள்ள சிதோங் பகுதி நோயாளிகளைப் பற்றியது, மற்றது தெற்கு ஆப்பிரிக்கப் பகுதி நோயாளிகளைப் பற்றியது. சிதோங்கில் பார்த்த 16 கல்லீரல் கட்டிகளில் 8இல் மாற்றம் சரியாக அதே 249ஆம் இடத்தில் இருந்தது. மற்ற புற்றுநோய்களில் டிபி53 மாற்றங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது இங்கே மட்டும் ஒரே புள்ளியில் வந்து குவிந்தது ஆச்சரியம். இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: ஹெபடைடிஸ் பி பரவலாக இருந்தது, அப்புறம் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், கடலை வழியாக உடம்பில் சேரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு.

இந்த நஞ்சு 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது வெளிச்சத்துக்கு வந்தது, அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அஃப்ளடாக்சின் அப்படியே கெடுதல் செய்வதில்லை. கல்லீரலின் நொதிகள் அதைக் கரைத்து வெளியேற்றப் பார்க்கும்போது இடையில் ஒரு வீரியமான பொருள் உருவாகிறது, அது டிஎன்ஏவில் குவானைன் (சுருக்கமாக ஜி) என்ற எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தை நகலெடுக்கும்போது ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி என்ற வேறு எழுத்து வந்துவிடும். 249ஆம் இடத்தில் நடந்திருப்பது பெரும்பாலும் இதே ஜி-டி மாற்றம்தான். அஃப்ளடாக்சின் குறைவாக உள்ள நாடுகளின் கல்லீரல் கட்டிகளில் ஆர்249எஸ் அரிது. இவை உறுதியான தகவல்கள். ஷாங்காயில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறுநீரில் அஃப்ளடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று ஆபத்து 3.4 மடங்கு, ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய 59 மடங்கு என்று வந்தது. கூட்டினால் 11 வருகிற இடத்தில் 59 வந்திருக்கிறது, அந்த எண்ணை முதலில் படித்த நாள் முதல் என்னால் மறக்க முடியவில்லை. சிதோங்கில் 1980களில் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். அதன் பிறகு இளையவர்களிடையே கல்லீரல் புற்று இறப்புகள் நன்றாகக் குறைந்தன, அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி வருவதற்கு முன்பே பிறந்தவர்கள் என்பதால் உணவு மாற்றத்துக்கு அதில் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும்.

இனி சந்தேகமான பகுதி. அஃப்ளடாக்சின் மரபணுவில் பல குவானைன்களைத் தாக்குகிறது, அப்படியிருக்க ஏன் கட்டிகளில் இந்த ஒன்றே மிஞ்சி நிற்கிறது? அந்த மாற்றம் உள்ள செல்லுக்கு வைரஸ் இருக்கிற கல்லீரலில் வளர ஏதோ சாதகம் கிடைக்கிறது என்று நினைக்கிறார்கள், நியாயமான ஊகம்தான், ஆனால் முடிந்த விஷயமாக அதைச் சொல்ல முடியாது. அதேபோல ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதம் பி53ஐப் பிடித்து முடக்குகிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆய்வகத் தட்டில் அது நடக்கிறது. நோயாளியின் கல்லீரலில் அந்தப் புரதம் இருக்கிற சொற்ப அளவுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் அப்பா விஷயத்தில், அஃப்ளடாக்சினுக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட ஆர்249எஸ் நல்ல காரணம். ஆனால் எந்த வயதில், எந்தச் சாப்பாட்டில் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யாரும் தன்னையோ சமையலையோ குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து.

கடலையைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். வேகவைப்பதாலோ வறுப்பதாலோ இந்த நஞ்சு முழுதாகப் போகாது. நஞ்சில் பெரும்பகுதி சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த சில பருப்புகளில்தான் சேர்ந்திருக்கும், ஆகவே கையால் பொறுக்கி எறிவது பெரிய பலன் தரும். மக்காச்சோளம், காய்ந்த மிளகாய்க்கும் இதே கவனம் வேண்டும். செக்கு எண்ணெயில், ஆட்டிய கடலை எப்படியோ எண்ணெயும் அப்படித்தான். சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் அந்தப் படி கிடையாது, அதனால் நல்ல கடலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஆட்டுபவரிடம் வாங்குங்கள். கெட்ட பிண்ணாக்கை மாட்டுக்குப் போட்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் வரும். நம் நாட்டிலேயே 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தார்கள். அது அதிக அளவு நஞ்சு ஒரேயடியாக உள்ளே போனதால் வந்த சாவு. சிறிய அளவு வருடக்கணக்கில் சேர்வதுதான் நாம் இங்கே பேசுவது.

டிபி53 தவிர இன்னும் சில அடக்கும் மரபணுக்கள் உங்கள் ரிப்போர்ட் மாதிரியானவற்றில் தலைகாட்டும். 2017இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு ஆய்வில் 363 கல்லீரல் கட்டிகளைப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் டிபி53 மாறியிருந்தது. ஆக்சின்1, ஏஆர்ஐடி1ஏ, ஆர்பி1 எல்லாம் பத்து சதவீதத்துக்கும் கீழேதான். சிடிகேஎன்2ஏ என்ற மரபணு எழுத்து மாறாமலே, அதன்மேல் வேதிக் குறிகள் ஏறி வாயடைத்துப்போவது அதிகம், அதைச் சாதாரண வரிசைச் சோதனை காட்டாது. இந்தப் பட்டியலில் ஏஆர்ஐடி1ஏ ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எலிகளில் அது கட்டி தொடங்கும் கட்டத்தில் தூண்டுகிற பக்கமும், பிற்பாடு அடக்குகிற பக்கமும் நின்றது. சேதமான கல்லீரலில் அது குறைந்தால் கல்லீரல் இன்னும் வேகமாக மீண்டும் வளர்ந்தது. அதாவது சிரோசிஸில் நாம் காணும் சில மாற்றங்கள் புற்றை நோக்கிய படிகளாக இருக்க வேண்டியதில்லை, உறுப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பதன் தடயமாகவும் இருக்கலாம். ‘அடக்கும் மரபணு கெட்டது, ஆகவே புற்று வந்தது’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களை நான் முழுதாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

பரம்பரை விஷயத்தை முழுமையாக முடித்துவிடுவோம். டிபி53 மாற்றம் பிறவியிலேயே வரும் குடும்பங்கள் உண்டு, லி-ஃபிராமெனி நோய்க்கூட்டம் என்று பெயர், அரிதானது. அந்தக் குடும்பங்களில் இளம் வயதில் மார்பகப் புற்று, எலும்பிலும் தசையிலும் வரும் சார்கோமா, மூளைக் கட்டி, அட்ரினல் கட்டி, ரத்தப் புற்று என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வயதானவருக்கு, வைரஸ் உள்ள கல்லீரலில் வந்த ஒரே கட்டி அந்தச் சித்திரத்தில் பொருந்தாது. உங்கள் வீட்டில் அந்த மாதிரி இளவயதுப் புற்றுகள் யாருக்காவது இருந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், அவர் அப்பாவின் ரத்தத்தில் பார்ப்பார். கட்டியில் மட்டும் செய்த சோதனையால் பிறவி மாற்றத்தையும் பிற்பாடு வந்ததையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. படித்த பிரதிகளில் எத்தனை சதவீதத்தில் மாற்றம் இருந்தது என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள், அதை வைத்தும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஒரே குடும்பத்தில் பலருக்குக் கல்லீரல் புற்று வந்தால் முதலில் தேட வேண்டியது ஹெபடைடிஸ் பி. வைரஸ் இல்லையென்றால் இரும்புச் சத்து உடம்பில் அளவுமீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் போன்ற பரம்பரை நோய்கள்.

மருந்து இருக்கிறதா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பி53ஐத் திருப்பித் தரும் மருந்து எதுவும் கல்லீரல் புற்றுக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இன்று இல்லை. ஆசை ஏன் விடவில்லை என்றால், 2007இல் எலிகளின் கல்லீரல் கட்டிகளில் அணைத்துவைத்திருந்த பி53ஐ மறுபடி இயக்கியபோது, புற்றுச் செல்கள் முதுமை அடைந்து நின்றுபோய், எதிர்ப்பு மண்டலத்தின் செல்களே வந்து அவற்றைத் துப்புரவாக்கின. ஆனால் எலியில் நாமே வைத்த சுவிட்சை நாமே போடுவது வேறு, மனிதக் கட்டியில் உருக்குலைந்த ஒரு புரதத்தை நிமிர்த்துவது வேறு. அந்த நோக்கத்தில் வந்த எப்ரெனெடபோப்ட் என்ற மருந்து, எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றில் 2020இல் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் இலக்கை எட்டவில்லை. இப்போது சோதனையில் உள்ள ரெசடபோப்ட் 220ஆம் இடத்து மாற்றம் ஒன்றுக்கானது, 249க்குப் பொருந்தாது. ஆகவே அப்பாவின் சிகிச்சையை இன்று தீர்மானிப்பது கட்டியின் அளவும் எண்ணிக்கையும், ரத்தக் குழாயில் பரவியிருக்கிறதா என்பதும், மீதிக் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும்தான். டிபி53 மாறிய கட்டிகள் கூட்டாகப் பார்த்தால் கொஞ்சம் மூர்க்கமானவை என்பது உண்மை, ஆனால் அது சராசரி, ஒரு தனி மனிதருக்கான தீர்ப்பாக அந்த வரியைப் படிக்காதீர்கள். வைரஸுக்கு டெனோஃபோவிர் அல்லது எண்டெகாவிர் தொடங்கிவிட்டார்களா என்று கேளுங்கள், புற்று வந்த பிறகும் அது அவசியம். மரபணுவைச் சரிசெய்யும் என்று யாராவது பொடியோ கஷாயமோ விற்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே தத்தளிக்கும் கல்லீரல் அது.

உங்களுக்கு: எச்பிஎஸ்ஏஜி (வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்று காட்டுவது), அதோடு ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி (எப்போதாவது தொற்றியதா என்று காட்டுவது), சர்ஃபேஸ் ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று காட்டுவது), மூன்றும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். அம்மா, தங்கை, அப்பாவின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த வைரஸ் பெரும்பாலும் பிறக்கும்போதோ சின்ன வயதிலோ தொற்றி அமைதியாக உட்கார்ந்துவிடும். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகத் தங்கும், பெரியவர்களுக்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால், கட்டிப்பிடிப்பதால் பரவாது, அப்பாவைத் தனித்தட்டு போட்டு ஒதுக்கிவைக்காதீர்கள், ரேஸரும் டூத் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி, இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம், வைரஸ் அளவும் கல்லீரல் நொதிகளும் பார்த்து மருந்து தேவையா என்று முடிவு செய்வார்கள், குடும்பத்தில் புற்று இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

கேள்வியின் நடுவில், போகிற போக்கில், தங்கை ஐந்து மாதக் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முழுக் கேள்வியிலும் அவசரமான வரி. கர்ப்பகாலச் சோதனைகளில் எச்பிஎஸ்ஏஜி ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாளைக்கே செய்யட்டும். பாசிட்டிவ் ஆக இருந்து வைரஸ் அளவும் அதிகமாக இருந்தால் ஏழாவது மாத வாக்கில் டெனோஃபோவிர் தொடங்குவார்கள். குழந்தை பிறந்ததும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசியும் கூடவே ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (வைரஸுக்கு எதிரான தயார்நிலை ஆன்டிபாடி) ஊசியும் போட வேண்டும், பிறகு மற்ற தவணைகள். இதைச் சரியாகச் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொற்று வராது, தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். தைவானில் 1984இல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கி, பத்து வருடத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே கல்லீரல் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது, விலையும் உண்டு, ராத்திரியில் பிரசவமாகிவிட்டால் அலைய வேண்டிவரும். ஆகவே பாசிட்டிவ் என்று வந்தால், பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் அது இருக்கிறதா என்று எட்டாம் மாதத்திலேயே நீங்களே நேரில் போய்க் கேட்டு, இல்லையென்றால் வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள்.